அமைச்சரின் வயிறு

சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்து
அதன்மேல் அமைச்சரைக் கிடத்தியிருக்கிறேன்.
இறகு பறித்தாயிற்று.
தலை வாளியில்.

நொல்பெர்த்தோ கேட்காமலே
விறகடுப்பில் பானை ஏற்றிவிட்டான்.
தோலோடு நான்கு உருளைக்கிழங்கு,
ஒரு கீற்றுப் பூசணி, கொத்தமல்லி.
வெளியே பதினோராம் நாளாக மழை.
ஜூலையில் சிலோயே தீவில்
ஈரமில்லாத பொருள் தீப்பெட்டி ஒன்றுதான்;
அதையும் சட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

அமைச்சர் என்று பெயரிட்டது அவன்.
மற்றவை தானியத்துக்கு ஓடும்போது
இவள் மட்டும்
திறப்பு விழாவுக்குப் போவதுபோல் நடப்பாள்.
நீல முட்டை, வாரத்துக்கு ஐந்து.
மே மாதக் கடைசியில் நிறுத்தினாள்.
பிறகு வயிறு இறங்கியது.
பென்குவின்போல் நிமிர்ந்தே நின்றாள்.
தூக்கினால்
வெந்நீர்ப்பைபோல் குலுங்கினாள்.

"தானாய்ச் சாகவில்லை, நாம் அறுத்தோம்.
ரத்தம் சிவப்பாய்த்தான் வந்தது.
கொதிக்கிற தண்ணீரில் எது பிழைக்கும், எர்சிரா?"
அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு.
புயல்கொடி ஏறி மூன்று நாள்,
படகில்லை, கடையில்லை.
உப்புக்கண்டம் தீர்ந்துவிட்டது.
நேற்றும் பட்டாணி, முந்தாநாளும் பட்டாணி.

கத்தி வைத்தேன்.
வயிற்றுத்தோல் விட்டுக்கொடுத்ததும்
வைக்கோல் நிறத்தில் தண்ணீர்
கால்பந்துப் பக்கத்தை நனைத்து
மேசை விளிம்பு தாண்டி
என் செருப்பில் சொட்டியது.
உள்ளே
வெந்த மஞ்சள்கருபோல் கட்டிகள்
குடலோடு குடலாய் ஒட்டிக்கிடந்தன.
ஈரல் ஈரலின் நிறத்தில் இல்லை.
அரிசிமணி அளவில் வெள்ளைப் புள்ளிகள்;
எண்ணத் தொடங்கி
ஏழில் விட்டுவிட்டேன்.

நொல்பெர்த்தோ குனிந்து முகர்ந்தான்.
"நாற்றமில்லை" என்றான்
பந்தயம் ஜெயித்தவன் குரலில்.
நானும் முகர்ந்தேன்.
உண்மைதான்.
ஈரத்துணி வாசம், அவ்வளவே.
"வயிற்றை எறி. நெஞ்சையும் தொடையையும் வை.
பார், நல்ல இளஞ்சிவப்பு."

தொடையைத் தூக்கினேன்,
எடையே இல்லை.
நெஞ்செலும்பு கத்திமுனையாய்த் துருத்தியது.
இத்தனை நாள் தின்றதெல்லாம்
அந்தத் தண்ணீருக்குப் போயிருக்கிறது.

பானை மூடி தடதடக்கத் தொடங்கியது.

அப்போதுதான் சொன்னேன்,
சொல்லக் கூடாதென்று வைத்திருந்ததை:
"பன்றிக்கு வாங்கிய ஊசிமருந்தை
வியாழன் ஒரு தடவை, சனி ஒரு தடவை
இவளுக்குப் போட்டேன்."

கரண்டியைக் கீழே வைத்தான்.
"பூனை தட்டிவிட்டது என்றாயே?"
"என்றேன்."

பன்றியென்றால் இருபத்தெட்டு நாள் கழித்துத்தான் கறி என்று
புட்டியில் எழுதியிருக்கிறது.
கோழிக்கு எத்தனை நாள்
என்று எழுதவே இல்லை.
கிருமி கொதியில் சாகட்டும்.
மருந்து எங்கே போகும்?
பானையைவிட்டு எங்கும் போகாது.

கத்துவான் என்று காத்திருந்தேன்.
"ஒரு கோழிக்கு ஊசியா?"
அவ்வளவுதான் கேட்டான்.
கோழியைவிட மருந்து விலை கூட,
இருவருக்கும் தெரியும்.
பதில் சொல்லாமல் கை கழுவினேன்,
முழங்கை வரை, சோப்புப் போட்டு, இரண்டு தடவை.

"நாய்க்கு?"
தன் பேச்சு என்று புரிந்து
கதவோரம் எழுந்து நின்றது நாய்.
"அதற்கும் வேண்டாம்."

மழையில் முழங்கால் ஆழம் தோண்டினான்.
அமைச்சர், ஈரல், இறகு,
கால்பந்துப் பக்கம், எல்லாம் உள்ளே.
மேலே இரண்டு கை சுண்ணாம்பு.
பூசணியும் கிழங்கும் தின்றோம்.
உப்புக் குறைவு. யாரும் சொல்லவில்லை.

கூண்டில் இன்னும் ஐந்து பேர்.
விளக்கை நான் பிடிக்க
ஒவ்வொருத்தியாய் மடியில் வைத்து
அடிவயிற்றை அழுத்திப் பார்த்தான்.
நாலாமவளிடம் கை சற்று நின்றது.
"என்ன?"
"ஒன்றுமில்லை. முட்டை வைத்திருக்கிறாள்."

வாசலில் பூட்ஸைக் கழற்றியபடி,
என் முகத்தைப் பார்க்காமல்,
மிச்ச மருந்தை
எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டான்.